ஒரு சீப்பு மட்டி

விடுப்பு நாள். ஸ்கூட்டரின் பின்சீட்டில் டெல்பினா,
மடியில் ரத்த அணு எண்ணும் கருவி.
ஆசாரிப்பள்ளம் ஆய்வகத்தில் ஆறு நாளும்
கட்டைவிரலால் தட்டித் தட்டி வெள்ளணு எண்ணுகிறவள்
ஏழாம் நாள் நாரை எண்ணக் கிளம்பிவிட்டாள்.
எனக்கு எக்ஸ்ரே அறை.
எதைப் பார்த்தாலும் உள்ளே எலும்புதான்.

தேரூர் குளக்கரை, ஐந்தே முக்கால்.
வண்டியை நிறுத்தியதும் கொசு வந்து விசாரித்தது.
மருந்துவாழ் மலை இருட்டோடு ஒட்டிக் கிடந்தது.
தண்ணீர் தெரியவில்லை, தாமரை தெரியவில்லை,
சத்தம் மட்டும்:
விசில் ஊதப் பழகும் ஒரு பள்ளிக்கூடமே உள்ளே இருப்பதுபோல.
"சீழ்க்கைச் சிறகி" என்றாள்.
இருட்டிலேயே முதல் டக்.

வெளுத்தது.
இரவல் பைனாகுலரின் இடது கண்ணில் பூஞ்சை.
நான் கண்ட பறவைக்கெல்லாம் பாதி உடம்பில் பனிமூட்டம்.
இலைக்கோழி ஒன்று
கடன் கொடுத்தவன் வாசலைக் கடக்கிறவன்போல
ஒவ்வொரு விரலாய் யோசித்து யோசித்து
தாமரை இலைமேல் நடந்தது.
அத்தனை நீள விரலெலும்பு
என் தட்டில் ஒருநாளும் விழுந்ததில்லை.
டக். டக். நாமக்கோழி நாற்பத்தொன்று.
டக். சிறகி நூற்றெண்பத்தாறு என்னும்போது
லாரி ட்யூபில் மிதந்து பூப்பறிக்க ஓர் ஆள் இறங்கினார்.

குளம் எழுந்தது.
குளமே எழுந்து தலைக்குமேல் ஒரு சுற்று சுற்றி
தென்னைகளுக்கு அப்பால் போய் வேறொரு குளமாக உட்கார்ந்தது.
டெல்பினாவின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.
"சாம்பிள் கொட்டிப்போச்சு."

அப்போதுதான் பின்னாலிருந்து குரல்:
"கொளத்த அளக்கதுக்கா வந்தியோ?"
வேட்டியை மடித்துக் கட்டிய தாணுலிங்கம்.
பெயரை அவரே சொன்னார், சர்வே எண்ணோடு.
நோட்டைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார்,
என் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார்.
"நம்ம வாழை மூணடிதான் உள்ள வந்திருக்கு.
அந்தாக்ல நிக்க தோட்டத்தப் பாருங்கோ,
எத்தன செண்டுன்னு அவனுக்கே தெரியாது."
நாங்கள் பறவைதான் எண்ணுகிறோம் என்றோம்.
"பறவைய எதுக்கு எண்ணணும்?"
இரண்டு பேரிடமும் பதில் இல்லை.
அந்த மௌனத்தில் அவர் முழு உண்மையையும் கண்டுகொண்டார்.
தோட்டத்துக்குள் போய்
ஒரு சீப்பு மட்டியோடு வந்தார்.
வேண்டாம் என்றோம். வண்டிக் கொக்கியில் மாட்டினார்.
"எழுதும்போ பாத்து எழுதுங்கோ."

புத்தளம் உப்பளத்தில் வெயில் இரண்டு தடவை அடித்தது,
மேலேயிருந்து ஒன்று, பாத்தியிலிருந்து ஒன்று.
பவளக்கால் உள்ளான்கள்
தங்கள் நிழலின் முழங்காலில் நின்று மேய்ந்தன.
பெரிய பறவை ஒன்று தூரத்தில் வெள்ளையாய் அசையாதிருக்க
நெடுநேரம் வாதாடினோம், கொக்கா, கரண்டிவாயனா என்று.
கிட்டே போனால் உரச் சாக்கு.
எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்க
அந்தக் கருவியில் வழி கிடையாது.
கழிக்கத் தெரியாத யந்திரம்.

பிறகு செம்மணல் மேடு, தாழம்புதர்,
மணலில் புதைந்து திணறிய பின்சக்கரம்.
இறங்கித் தள்ளினோம், செருப்புக்குள் ஊர் புகுந்தது.
மணக்குடிப் பொழியில் வந்து உட்கார்ந்தபோது நண்பகல்.
ஆறும் கடலும் யார் முதலில் என்று தயங்கும் இடத்தில்
பதினொரு கூழைக்கடா, தாடையில் பை தொங்க,
கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல.
தொப்பியால் முகத்தை மூடி டெல்பினா படுத்துவிட்டாள்.
நேற்று ஒரு குழந்தையின் ஸ்லைடில்
எண்ணி முடியாத அளவு வெள்ளணு என்றாள்,
தொப்பிக்குள்ளிருந்தே.
மூன்று தடவை எண்ணினாளாம்.
நான் ஒரு பழத்தை உரித்து அவள் கையில் வைத்தேன்.

லஞ்சம் நன்றாகவே இனித்தது.
நூல் போன்ற தோல், விரல் நீளம், இரண்டே கடி.
கடைசிப் பழத்தை யார் தின்பது என்று
பேச்சில்லாமல் இருந்தோம்.
ஆலா ஒன்று தலைகீழாய் நீரில் விழுந்தது,
வெறும் வாயோடு எழுந்தது, மறுபடி விழுந்தது.

நோட்டில் அன்றைய பக்கம், அவள் கையெழுத்தில்:
சிறகி நூற்றெண்பத்தாறு, பிறகு தெரியாது.
இலைக்கோழி ஒன்று. நாமக்கோழி நாற்பத்தொன்று.
கூழைக்கடா பதினொன்று. உரச் சாக்கு ஒன்று.
வாழை, குளத்துக்குள் மூன்றடி.
அந்தக் கடைசி வரியை அடித்து
மறுபடி அதையே எழுதியிருந்தாள்.